பினாங்கில் முதல் ஆண்டு: கத்தோலிக்கத் திருநாள்களை அன்றாட வாழ்க்கையோடு சேர்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், தூத்துக்குடியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் என்று பலரும் பூசை முடிந்தபின் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வருஷம் முழுக்க ஏதாவது ஒரு திருநாள் வந்துகொண்டே இருக்கிறதே, எதைக் கொண்டாடுவது, எப்படிக் கொண்டாடுவது?"

அவர்களுக்காக எழுதுவது இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருநாளன்று கோயிலில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதைப் பங்குக் குருவும் பாடகர் குழுவும் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கையில் இருப்பது அதற்கு முந்திய சில நாள்களும் பிந்திய சில நாள்களும். வீட்டில், வேலையில், சாப்பாட்டு மேசையில் அந்த நாள்களை எப்படி நடத்துகிறோமோ அதைப் பொறுத்துத்தான் திருநாள் நமக்குள் நிற்கும்.

முதலில் ஒரு நாள்காட்டி

திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, அதுதான் புத்தாண்டு. ஆகவே நவம்பர் கடைசியிலேயே கத்தோலிக்க நாள்காட்டி ஒன்றை வாங்கிவிடுங்கள். கைப்பேசியில் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சமையலறைச் சுவரில் மாட்டினால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

அதில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் பெயர் இருக்கும். பயப்பட வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் பெருவிழா, விழா, நினைவு என்று மூன்று வகையாகப் போட்டிருப்பார்கள். பெருவிழா என்றால் பெரிய நாள். அதன் வழிபாடு முந்திய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். விழா அதற்கு அடுத்தது, திருத்தூதர்களின் நாள்கள் பெரும்பாலும் இதில் வரும். நினைவு என்பது அன்றைய பூசையில் அந்தப் புனிதரை நினைத்துக்கொள்வதோடு முடியும். அப்புறம் நிறங்கள்: திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸ் ஈஸ்டர் காலங்களுக்கு வெள்ளை, தூய ஆவிக்கும் இரத்தசாட்சிகளுக்கும் சிவப்பு, மற்ற நாள்களுக்குப் பச்சை. இது தெரிந்தால் குருவானவர் போட்டிருக்கும் உடையைப் பார்த்தே எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

ஞாயிறுதான் எல்லாத் திருநாளுக்கும் மூத்தது. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் முதலில் கொண்டாடியதே ஞாயிற்றைத்தான். பினாங்கில் வீடு, கெடாவில் வேலை என்று இருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கெடாவின் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போகலாம். அது ஞாயிற்றுக் கடமைக்குச் செல்லும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது, ஆகவே குற்ற உணர்வு தேவையில்லை.

இன்னும் ஞானஸ்நானம் வாங்காதவர்கள், ஞானஸ்நானத்துக்குத் தயாராகும் ஆர்.சி.ஐ.ஏ. வகுப்பில் இருப்பவர்கள் நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்கக்கூடாது. ஆனால் பலிபீடத்துக்கு முன் வரிசையில் வந்து, இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டால் குருவானவர் ஆசீர்வதிப்பார். நற்கருணை வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக்கூடாது. கோயிலுக்கு வரும் வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதல் வருடத்துக்கு மூன்று போதும்

எல்லாத் திருநாளையும் கொண்டாட நினைக்கிறவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஈஸ்டர், அதில் தேர்வுக்கே இடமில்லை. இரண்டாவது உங்கள் பங்கின் (உங்கள் கோயில் வட்டாரத்தின்) பாதுகாவலர் திருநாள். மூன்றாவது உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு நாள்.

பாதுகாவலர் திருநாளை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே கோயில்களின் பெயர்களுக்குப் பின்னால் இந்த ஊரின் கதையே இருக்கிறது. ஜார்ஜ்டவுன் லெபு ஃபார்குவாரில் இருக்கும் விண்ணேற்பு ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் தீவில் பிரிட்டிஷ் கொடி ஏற்றிய சில நாள்களுக்குள், கெடாவிலிருந்து கத்தோலிக்கர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் வந்து சேர்ந்தது மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்திய நாள். அதனால்தான் ஆலயத்துக்கு அந்தப் பெயர். ஆகஸ்ட் 15 அன்று அங்கே போய் நிற்கும்போது, படகிலிருந்து இறங்கியதும் முதலில் திருநாளை நினைத்துக்கொண்ட அந்தக் குடும்பங்களை நீங்களும் நினைத்துக்கொள்ளலாம். புது ஊருக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர்கள் அந்நியர்கள் இல்லை.

பினாங்கு ரோட்டில் இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தமிழர்கள் நெடுங்காலமாகக் கூடி வழிபடும் இடம். அதன் திருநாள் டிசம்பர் 3. முத்துக்குளித்துறையில் 1542 முதல் ஊர் ஊராக நடந்தவர் சவேரியார். செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர். 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவில் இறந்தபின், அவர் உடல் கோவாவுக்குப் போகும் வழியில் சில மாதங்கள் மலாக்காக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. கோட்டாறு சவேரியார் தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள் டிசம்பர் முதல் வாரத்தில் ஊர் நினைப்பு வந்து தவித்தால், அதே புனிதர் இந்தப் பக்கக் கடலையும் கடந்தவர்தான்.

மூன்றாவது நாளைக் கண்டுபிடிக்க, தாத்தா பாட்டிகளின் பெயர்களைப் பாருங்கள். அந்தோணி என்றால் ஜூன் 13. சூசை என்றால் மார்ச் 19. ராயப்பன் என்றால் ஜூன் 29. அன்னம்மாள் என்றால் ஜூலை 26. ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி எல்லாம் வேளாங்கண்ணி மாதாவோடு சேர்ந்தவை, செப்டம்பர் 8. சவரிமுத்து சவேரியார்தான். அப்படி ஒரு பெயரும் இல்லாத குடும்பத்தில் முதல் கத்தோலிக்கர் நீங்கள்தான் என்றால், ஞானஸ்நானத்தின்போது எடுத்த பெயரின் நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாளில் வந்தால் என்ன செய்வது? பொது விடுமுறையோடு சேர்ந்து வரும் திருநாள்கள் சில இருக்கின்றன. மே 1 தொழிலாளர் தினம். 1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதே நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஜனவரி 1 மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழா; பினாங்கில் அன்று விடுமுறை. கைவேலை செய்கிறவர்கள், ஷிப்டு மாறி மாறிப் போகிறவர்கள் மே 1ஐக் குடும்பத் திருநாளாக வைத்துக்கொள்ளலாம். காலைப் பூசைக்கு வேலை செய்யும் கருவி ஒன்றைக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரித்துத் தரச் சொல்லுங்கள். லாரிச் சாவி, தையல் கத்தரி, கரண்டி, எதுவானாலும் சரி.

நவநாள் வைப்பது எப்படி

இயேசு விண்ணகம் சென்றபின் சீடர்களும் மரியாவும் மேலறையில் கூடிச் செபித்துக்கொண்டு தூய ஆவிக்காகக் காத்திருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. விண்ணேற்றத்துக்கும் பெந்தெகொஸ்தேக்கும் நடுவில் ஒன்பது நாள். நவநாளின் வேர் அதில் இருக்கிறது. ஆக, அது காத்திருக்கப் பழகும் செபம். ஒன்பதாம் நாள் முடிவில் கேட்டது கிடைத்தே தீரும் என்ற கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணக்குப் போடுவது சுலபம். திருநாளுக்கு முந்திய நாள் ஒன்பதாம் நாளாக வர வேண்டும். அந்தோணியாருக்கு ஜூன் 4 முதல் 12. அன்னாளுக்கு ஜூலை 17 முதல் 25. வேளாங்கண்ணி மாதாவுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றம், 30 முதல் செப்டம்பர் 7 வரை நவநாள். கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 16 முதல் 24.

வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரம் ஒன்றைப் பிடியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என்பது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சிலுவை அல்லது படம் போதும். சிலுவை அடையாளம் போட்டு, அன்றைய நற்செய்தியை ஒருவர் வாசிக்கட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதுதான் வாசிக்க வேண்டும். தமிழ்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்கூட இந்த ஒன்பது நாளில் நாலு வரி தமிழ் வாசிக்கப் பழகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஜெபமாலையில் ஒரே ஒரு பத்து மணி: ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ். பின்பு ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டு சொல்லட்டும். ஆளுக்கு ஒரே வாக்கியம். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முடிய வேண்டும். முதல் நாள் ஐந்து பத்தும் சொல்லி, பிரார்த்தனையும் பாட்டும் சேர்த்து ஒரு மணி நேரம் இழுத்தால், நான்காம் நாள் பிள்ளைகள் அறையை விட்டு வரமாட்டார்கள்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி எப்போதும் சொல்வேன். ஒன்பது நாளில் ஒன்பது சின்ன செயல். பேசாமல் இருக்கும் தங்கைக்கு ஒரு போன். மாடியில் தனியாக இருக்கும் சீனப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் பாயசம். தொழிற்சாலையில் நேபாளத்துக்காரர் ஒருவர் தினமும் தனியாகச் சாப்பிட்டால், அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். செபம் சொல்லி எழுந்து, அதே முகத்தோடு அதே சண்டைக்குத் திரும்பினால் நவநாள் நாக்கோடு நின்றுவிடும்.

ஒரு நாள் விட்டுப்போனால்? அடுத்த நாள் தொடருங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. "இதை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று கைப்பேசியில் வரும் செபங்களை அப்படியே அழித்துவிடுங்கள். திருச்சபை அதை மூடநம்பிக்கை என்றே சொல்கிறது.

அந்தோணியாருக்குச் செபிக்க ஏன் செவ்வாய்க்கிழமை கூடுகிறார்கள் என்று புதியவர்கள் கேட்பார்கள். 1231 ஜூன் 13 வெள்ளியன்று பதுவாவுக்கு அருகில் இறந்தார். அடக்கம் நடந்தது அடுத்த செவ்வாயன்று. அந்தச் செவ்வாய்தான் இன்றுவரை தொடர்கிறது. அன்று பலர் ரொட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏழைகளுக்குப் போய்ச் சேரும் ரொட்டி அது. உங்கள் பங்கில் யார் அதைப் பகிர்ந்தளிக்கிறார்கள் என்று கேட்டு, அந்த வேலையிலும் ஒரு கை கொடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: புனித அன்னாள்

பினாங்கில் இருந்துகொண்டு ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் போகாமல் இருக்க முடியாது. தமிழர், சீனர், யூரேசியர், பூர்வகுடியினர், சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், நெற்றியில் திருநீறோடு வரும் இந்துக் குடும்பங்கள் என்று எல்லாரும் ஒரே குன்றடியில் கூடும் இடம் அது.

குன்றின் மேல் முதல் சிற்றாலயம் 1846இல் எழுந்தது. இப்போது பழைய கோயில் என்று எல்லாரும் சொல்வது 1888இல் கட்டியது. மினாங்கபாவ் பாணியில் கூரை வளைந்து நிற்கும் பெரிய ஆலயம் 2002இல் வந்தது. 2019இல் ரோமை அதைச் சிறு பேராலயமாக, அதாவது பசிலிக்காவாக, அறிவித்தது.

அன்னாள் மாதாவின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. பைபிளில் அவர் பெயர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தி என்னும் பழைய ஏட்டிலிருந்துதான் சுவக்கீன், அன்னாள் என்ற பெயர்கள் நமக்கு வருகின்றன. குழந்தையில்லாமல் வெகுகாலம் அழுத தம்பதிகள் என்று அந்த ஏடு சொல்கிறது. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களை அங்கே நீங்கள் நிறையப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். அவர்களிடம் "எத்தனை வருஷமாச்சு?" என்று மட்டும் விசாரிக்காதீர்கள். பக்கத்தில் நின்று ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னாலே போதும்.

போகும் வழி இது. தீவிலிருந்து ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம், நிலையத்திலிருந்து கிராப் பிடித்தால் ஜாலான் கூலிமில் இருக்கும் ஆலயத்துக்குக் கொஞ்ச நேரம்தான். காரில் போனால் திருநாள் வாரக் கடைசியில் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள், வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். ஜூலை 26ஐ ஒட்டி ஏறக்குறைய பத்து நாள் நிகழ்ச்சிகள் நடக்கும். தமிழ், ஆங்கிலம், மாண்டரின், மலாய் என்று பல மொழிகளில் பூசைகள் இருக்கும். எந்த நாள் எந்த நேரம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே ஆலயம் வெளியிடும் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை: பெரும் கூட்டம் வரும் தேர் பவனி இரவுக்கு நேரே போகாதீர்கள். நவநாளின் ஏதாவதொரு வேலை நாள் மாலையில் போங்கள். முதலில் பழைய கோயில். அங்கே பேச்சைக் குறைத்துக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். முடிந்தால் குன்றில் ஏறும் சிலுவைப் பாதை. அப்புறம் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. திருநாள் நாள்களில் அதற்கென்றே குருக்கள் உட்கார்ந்திருப்பார்கள், உங்களை யார் என்று தெரியாத ஒருவரிடம் சொல்வது பலருக்கு எளிதாகவும் இருக்கும். அதன்பின் பூசை. மெழுகுவர்த்தி ஏற்றுவதும், மாலை போடுவதும், புட்டியில் தீர்த்தம் பிடிப்பதும் கடைசியில் இருக்கட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தண்ணீர்ப் புட்டிகளோடு வரிசையில் நின்று களைத்துப்போய், பூசையில் பாதியில் கிளம்பிவிடுகிறார்கள். தீர்த்தம் நல்லதுதான், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தூங்கப் போகும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடுங்கள். ஆனால் நற்கருணைக்கு முன்னால் அது சின்னதுதான்.

தோளும் முழங்காலும் மூடிய உடை, ஒரு குடை, நடக்க வசதியான செருப்பு. மாலை மழை வந்தாலும் வரும்.

அன்னாள் திருநாளை வீட்டுக்குக் கொண்டுவரும் வழி கண்முன்னே இருக்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார், சுவக்கீன் அன்னாள் நாளை ஒட்டியே. அந்த வாரம் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து அவர்கள் கதையைக் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எந்தக் கோயிலில் ஞானஸ்நானம், யார் ஞானத்தாய், பால்மரம் வெட்டிய காலத்தில் பூசைக்கு எப்படிப் போனார்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோவில் கூப்பிடுங்கள். பாட்டி இல்லாதவர்கள் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போகலாம், பலகாரத்தோடு.

நேர்ச்சை: செய்யுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

"வேலை கிடைத்தால் மொட்டை போடுகிறேன்", "கால் சரியானால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன்." நம் மக்களின் பக்தியில் நேர்ச்சைக்குப் பெரிய இடம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு தாய் மருத்துவமனை வராந்தாவில் நின்று மாதாவிடம் சொல்லும் வார்த்தையில் இருக்கும் விசுவாசம் சாதாரணமானதில்லை. ஆனாலும் புதியவர்களுக்குச் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

திருச்சபைச் சட்டநூலின் 1191ஆம் சட்டப்படி, நேர்ச்சை என்பது கடவுளுக்கு, யோசித்து, சுயமாகக் கொடுக்கும் வாக்குறுதி. செய்ய முடிந்ததாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும். பயத்தில் வாயில் வந்ததெல்லாம் நேர்ச்சை ஆகாது. 1193ஆம் சட்டம் இன்னும் முக்கியமானது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். மகனுக்காக நீங்கள் நேர்ந்தால், அதை நிறைவேற்ற வேண்டியவர் நீங்கள். வளர்ந்த மகனை அழுது அடம்பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மாமியார் நேர்ந்ததை மருமகள் செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நேர்ந்ததை உண்மையாகவே செய்ய முடியாத நிலை வந்தால், பங்குக் குருவிடம் போய்ச் சொல்லுங்கள். அதிலிருந்து விடுவிக்கவோ வேறொன்றாக மாற்றித் தரவோ அவருக்கு அதிகாரம் உண்டு. வருடக்கணக்காக இதை மனதில் சுமந்து, வீட்டில் வரும் ஒவ்வொரு கஷ்டத்துக்கும் இதுவே காரணம் என்று நடுங்கும் மனிதர்களை எனக்குத் தெரியும். பங்குக் குருவின் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் தீரும் பாரம் அது.

புனிதர்களை நாம் ஆராதிப்பதில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும். நமக்காக மன்றாடச் சொல்லி அவர்களிடம் கேட்கிறோம், நண்பரிடம் "எனக்காக வேண்டிக்கொள்" என்பதுபோல. வேறு சபை நண்பர்கள் கேட்டால் இந்த அளவு சொன்னால் போதும், வாதாட வேண்டாம்.

தவக்காலமும் பெரிய வாரமும்

இதற்குத்தான் முன்கூட்டியே திட்டம் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான். ஜனவரியிலேயே ஈஸ்டர் தேதியைப் பார்த்து, வெள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிற்றிலும் வரலாம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. முழு நாள் விடுப்பு கிடைக்காவிட்டால் அரை நாளாவது கேளுங்கள், முக்கிய வழிபாடு பிற்பகல் மூன்று மணியை ஒட்டித்தான் நடக்கும்.

தொடக்கம் சாம்பல் புதன். போன வருடக் குருத்தோலைகளை எரித்த சாம்பல் அது, ஆகவே வீட்டில் காய்ந்து கிடக்கும் ஓலையைத் தூக்கிப் போடாமல் கோயிலில் சேர்த்துவிடுங்கள். வேலைக்குப் போகுமுன் காலைப் பூசை, இல்லாவிட்டால் மாலைப் பூசை. நெற்றிச் சாம்பலோடு அலுவலகம் போனால் கேட்பார்கள், சொல்லுங்கள்.

நோன்பு விதி அவ்வளவு கடினமில்லை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் சேர்த்தால் இன்னொரு முழுச் சாப்பாடு ஆகாத அளவுக்குக் கொஞ்சம். 18 வயது நிரம்பியவர்களிலிருந்து 59 வயது நிரம்பும்வரை. இறைச்சி விலக்கு 14 வயதிலிருந்து, தவக்கால வெள்ளிகளுக்கும் உண்டு. மீனும் முட்டையும் சாப்பிடலாம். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் பட்டினி கிடக்க வேண்டாம். வெளியே சாப்பிடும் வெள்ளிகளில் நாசி கண்டார் கடையில் நாலு குழம்பையும் கலந்து ஊற்றும்முன் "மீன் குழம்பு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அதற்காக அன்று மீன் தலைக்கறி வாங்கி விருந்து வைத்தால் விதி காப்பாற்றப்படும், நோன்பு காணாமல் போகும்.

2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். அதே வாரத்தில் ரமலான் நோன்பும். இந்த நாட்டில் இப்படி அமைவது உண்டு. விருந்து நாளோடு நோன்பு மோதும்போது ஆயர் விலக்கு அளித்தால் கோயிலில் அறிவிப்பார்கள், அதைக் கேட்டு நடங்கள். நீங்களாகவே விலக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து மேசை முஸ்லிம் தோழி விடியலிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதைப் பார்க்கும்போது, நம் இரண்டு நாள் நோன்பைப் பற்றி முணுமுணுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சேமித்ததை எங்கே போடுவது? தினமும் குடிக்கும் தே தாரிக்கை விட்டால் அந்தக் காசை ஒரு டப்பாவில் போடுங்கள். பெரிய வியாழனன்று திறந்து, பங்கின் ஏழை உதவிக் குழுவிடம் கொடுங்கள். விட்டது யாருக்காவது போய்ச் சேர வேண்டும்.

பெரிய வாரத்தில் மூன்று மாலைகளை ஒரே வழிபாடாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வியாழன் மாலை, பாதம் கழுவும் சடங்கோடு கூடிய பூசை, அதன்பின் நடு இரவுவரை நற்கருணைக்கு முன் விழித்திருத்தல். வீட்டிலும் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவலாம். கணவன் மனைவிக்கிடையில் பேசித் தீராதது சில வேளை அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தீரும். பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது: பாடுகளின் வாசகம், பொது மன்றாட்டு, சிலுவையை முத்தமிடுதல். வீட்டில் கஞ்சியும் துவையலும் போதும், தொலைக்காட்சி வேண்டாம். சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு. வெளியே இருட்டில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் கைத்திரிக்கும் சுடர் வாங்கும் அந்த இரவைத் தவறவிடாதீர்கள். நீளமான வழிபாடு. சின்னப் பிள்ளைகளை மதியம் தூங்க வைத்துக் கூட்டிவாருங்கள். புதிதாக ஞானஸ்நானம் வாங்குகிறவர்கள் உங்கள் பங்கில் இருந்தால், அவர்களுக்கு ஒரு சின்னப் பரிசு.

ஈஸ்டர் 50 நாள் நீடிக்கும். 40 நாள் தவம் இருந்தவர்கள் ஒரே நாளில் ஈஸ்டரை முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். பெந்தெகொஸ்தே வரை வாரம் ஒரு நாள் யாரையாவது சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

நவம்பர்

நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவரின் நாள். முந்திய வாரக் கடைசியிலேயே கல்லறையைப் புல் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு, அன்று மாலை பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போங்கள். வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறைத் தோட்டம் அந்த மாலையில் வெளிச்சமாக இருக்கும். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபிப்பவர்களுக்குத் திருச்சபை பரிபூரணப் பலனை, அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலையை, வழங்குகிறது. அதை இறந்தவர்களுக்காக மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். ஊரில் கல்லறை இருப்பவர்கள் இங்கே யாரும் வராமல் கிடக்கும் ஒரு கல்லறைமேல் திரி ஏற்றுங்கள்.

கிறிஸ்துமஸ் விருந்தாளிகள்

திருவருகைக் காலத்தில் நான்கு மெழுகுவர்த்தி வளையம் ஒன்றைச் செய்து, வாரம் ஒன்றாக ஏற்றிவந்தால், பேரங்காடியில் நவம்பரிலேயே ஒலிக்கும் பாட்டுகளுக்கு நடுவில் வீடு கொஞ்சம் பொறுமை கற்றுக்கொள்ளும். குடிலில் குழந்தை இயேசுவை டிசம்பர் 24ஆம் தேதி இரவுதான் வையுங்கள்.

அப்புறம் திறந்த இல்ல உபசரிப்பு. முஸ்லிம் நண்பர்களைக் கூப்பிட்டால் சாப்பாட்டை ஹலால் உணவகத்திலிருந்து வாங்கி, காகிதத் தட்டில் பரிமாறுங்கள். பன்றி இறைச்சியும் மதுவும் அன்று வீட்டுக்குள் வேண்டாம். அழைக்கும்போதே "சாப்பாடு இன்ன கடையிலிருந்து" என்று சொல்லிவிட்டால் அவர்கள் தயங்காமல் வருவார்கள். இந்து நண்பர்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. செபத்தை யார்மேலும் திணிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல் சிலுவை அடையாளம் போட்டு நன்றி சொல்லுங்கள். குடிலைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டால் கதையைச் சொல்லுங்கள். தங்கும் விடுதியில் ஊருக்குப் போக முடியாமல் இருக்கும் வேலைத் தோழர்களைப் பட்டியலில் முதலில் எழுதிவிட்டு, மற்றவர்களை அதன்பின் எழுதுங்கள்.